ஒன்பதரை மில்லிமீட்டர் சிரிப்பு

பழைய மௌனப்படச் சுருள் கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். வினிகர் வாடை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது. வாடை இல்லையா, உள்ளே மௌனப்பட நகைச்சுவை நடிகர்கள் மாக்ஸ் லிண்டரோ ஹெரால்டு லாயிடோ நூறாண்டு கழித்தும் நலமாக இருக்கிறார்கள்.

வீட்டில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று வந்த சுருள்களில் எனக்கு மிகவும் பிரியமானவை 'பாதே பேபி' சுருள்கள். பிரான்சின் பாதே நிறுவனம் 1922-இல் கொண்டுவந்த சின்னஞ்சிறு புரொஜெக்டரின் பெயர் அது. கைப்பிடியைச் சுற்றி ஓட்ட வேண்டும். பிலிமின் அகலம் 9.5 மி.மீ.தான். வழக்கமாக ஓரத்தில் இருக்கும் பல்சக்கரத் துளை, இதில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே நட்டநடுவில் இருக்கிறது. ஓரம் வீணாகாததால் பிலிமின் அகலம் ஏறக்குறைய முழுக்கப் படமே நிறைந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பம் அதைவிட அழகு. தொடக்ககாலத்தில் சுருள் வந்த பெட்டிக்குள் ஏறக்குறைய 9 மீட்டர் பிலிம். ஒரு நிமிடச் சொச்சத்தில் ஓடித் தீர்ந்துவிடும். மௌனப்படத்தில் வசனம் எழுத்தட்டையாக வரும். அதை ஐந்து வினாடி காட்ட, வினாடிக்கு 16 கட்டம் வீதம் 80 கட்டம் செலவு. கட்டுப்படியாகுமா? அதனால் பிலிமின் விளிம்பில் சிறிதாக ஒரு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டு வந்ததும் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், பிலிம் மட்டும் அப்படியே நிற்கும். நாம் வாசித்து முடித்ததும் மறுபடி நகரும். ஓரிரு கட்டத்திலேயே வசனம் முடிந்துவிடும். மிச்சப் பிலிமெல்லாம் துரத்தலுக்கும் விழுதலுக்கும். எவ்வளவு வேகமாக விழுவது என்பது சுற்றுகிறவர் கையில்!

தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிப்பது. 1943-இல் லாயிட் தன் வீட்டில் பாதுகாத்துவந்த படங்களில் பல அப்படித்தான் எரிந்துபோயின. பேசும்படம் வந்தபின் கம்பெனிகளே குப்பையில் போட்டவையும் ஏராளம். வீட்டுக்கென்று அச்சிட்ட 9.5, 16 மி.மீ. பிரதிகள் எளிதில் தீப்பற்றாத வகை என்பதால் பரணிலும் அலமாரியிலும் கிடந்து பிழைத்தன.

அப்படிப் பிழைத்ததுதான் 'எ தீஃப் கேட்சர்' என்ற 1914-ஆம் ஆண்டு கீஸ்டோன் கம்பெனியின் நகைச்சுவைப் படம். தொலைந்தே போனதென்று நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் கிடைத்த 16 மி.மீ. பிரதியை, ஏதோ ஒரு கீஸ்டோன் படம் என்றுதான் ஒரு திரைப்பட வரலாற்றாளர் வாங்கினார். பிறகு ஓட்டிப் பார்த்தார். படத்தின் நடுவே போலீஸ் உடுப்பில் சாப்ளின் வந்து நின்றார்.