நஞ்சைத் தேடிய புரூஸ் ஏம்ஸ்

கடையில் வாங்கும் தின்பண்டப் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? 1964-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் பெட்டி ஒன்றில் இருந்த அந்தப் பட்டியலைப் படித்தார். கெடாமலிருக்கச் சேர்க்கும் இந்த வேதிப்பொருட்கள் மனிதரின் மரபணுக்களைச் சேதப்படுத்துமோ என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அதற்கு விடை தேடியே அவர் புகழ்பெற்ற சோதனையை உருவாக்கினார்.

இறையியல் மட்டும் படித்த நமக்கும் விளங்கக்கூடிய சோதனைதான் இது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா தனக்கு வேண்டிய ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தானே செய்துகொள்ளும். அந்தத் திறனை இழந்த ஒரு வகையை ஏம்ஸ் எடுத்துக்கொண்டார். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அது வளராது. ஆனால் தட்டில் சேர்க்கும் பொருள் டி.என்.ஏ.வை மாற்றக்கூடியதாக இருந்தால், சில பாக்டீரியாக்களில் பழைய குறை தற்செயலாகச் சரியாகிவிடும். அவை பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு நாளில் எண்ணிவிடலாம். விலங்குகளில் சோதித்தால் இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளாகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில பொருட்கள் வாயில் போகும்போது தீங்கற்றவை. நம் ஈரல் அவற்றை மாற்றும்போதுதான் நஞ்சாகின்றன. எனவே எலியின் ஈரல் சாற்றையும் தட்டில் சேர்த்தார். 1973-இல் இம்முறை வெளியானது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் தம் பாக்டீரியாக்களை அனுப்பிவைத்தார்.

1975-இல் அவரது குழு 169 தலைச்சாயங்களைச் சோதித்தது. 150 சாயங்கள் மரபணுவை மாற்றுவதாகத் தெரிந்தது. அதைவிட மனதைத் தொடுவது குழந்தைகளின் இரவு உடை பற்றிய செய்தி. உடை தீப்பற்றிக் குழந்தைகள் சாகக்கூடாது என்று அமெரிக்க அரசு 1970-களில் சட்டம் கொண்டுவந்தது, நல்ல நோக்கம்தான். அதற்காகத் துணியில் டிரிஸ் என்ற பொருளை ஏற்றினார்கள். ஏம்ஸும், மலையேறும் வீராங்கனையுமான வேதியியலாளர் ஆர்லீன் புளூமும் 1977 ஜனவரியில் அது மரபணுவைச் சேதப்படுத்துகிறது, புற்றுநோய் வரலாம் என்று எழுதினர். ஏப்ரலில் குழந்தைகளின் இரவு உடைகளில் அது தடை செய்யப்பட்டது. மாற்றாக வந்த குளோரின் கலந்த டிரிஸும் அதே தன்மையுடையது என்று மறு ஆண்டே அவர்கள் காட்டினர். எனினும் அந்த இரண்டாவது பொருள் சோபா மெத்தைகளின் பஞ்சில் பல்லாண்டுகள் தொடர்ந்தது. நெருப்புக்கு அஞ்சி நஞ்சை உடுத்திய கதை!

இத்தனைக்குப் பிறகு சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் நாயகனாகவே அவர் காலம் கழித்திருக்கலாம். ஆனால் சோதனைகள் பெருகப் பெருக, இயற்கைப் பொருட்களும் அதே பட்டியலில் விழுந்தன. 1990-இல் அவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட கணக்கு பலரைத் திகைக்க வைத்தது. அமெரிக்கர் உணவோடு உட்கொள்ளும் பூச்சிக்கொல்லிகளில், எடைக்கணக்கில் 99.99 விழுக்காடு செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே உண்டாக்குபவை. முட்டைக்கோஸில் மட்டும் இத்தகைய பொருட்களும் அவற்றின் சிதைவுகளுமாக 49 இருந்தன. சோதித்துப் பார்த்த 52 இயற்கைப் பொருட்களில் 27 எலிகளுக்குப் புற்றுநோய் தந்தன.

அப்படியானால் முட்டைக்கோஸை விட்டுவிட வேண்டுமா? இல்லை; காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுங்கள் என்றுதான் அவர் சொன்னார். எலிக்குத் தாங்கும் உச்ச அளவில் எதைக் கொடுத்தாலும் அதன் உயிரணுக்கள் காயப்பட்டு, அதை ஆற்ற மேலும் மேலும் பிரிகின்றன. அதனாலேயே புற்றுநோய் கூடலாம் என்பது அவரது வாதம். உணவில் ஒட்டியிருக்கும் துளியளவு மருந்துக்கு அஞ்சுவதைவிடப் புகையிலையை விடுவது மேல் என்றார். நிறுவனங்கள் மகிழ்ந்தன, பழைய நண்பர்கள் பலர் வருந்தினர்.

நம் பார்வையில், சாப்பிடுகிறவரைப் பொறுத்தவரை அவரது கணக்கில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் முகத்தில் துணிகூட இல்லாமல் வயலில் மருந்தடிக்கும் கூலியாளின் மூச்சில் போவது துளியளவல்ல. அவர் அந்தக் கணக்கில் இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லாமல் ஏம்ஸை மேற்கோள் காட்டுபவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முதுமையில் அவர் வைட்டமின், தாதுச்சத்துக் குறைவால் டி.என்.ஏ. சேதமடைவதை ஆராய்ந்தார். 2024 அக்டோபரில், 95-ஆம் வயதில் காலமானார்.

புதிய மருந்தோ பூச்சிக்கொல்லியோ சந்தைக்கு வருமுன் இன்றும் அவரது சோதனை கேட்கப்படுகிறது. ஆனால் அதில் தேறியதெல்லாம் தீங்கற்றது என்று பொருளல்ல. நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூளைத் தட்டில் இட்டால் புள்ளிகள் கூடுவதில்லை. அந்த ஆபத்தை அதைக் கையாண்ட தொழிலாளர்களின் உடல்நிலையிலிருந்துதான் உலகம் தெரிந்துகொண்டது.