தத்கல் வரிசையில் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

புது தில்லி:

தினமும் காலை 10 மணிக்கு ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் உருவாகும் வரிசை, நாட்டின் நெரிசல் மிகுந்த வரிசைகளில் ஒன்று. 2025 மே 22-ஆம் தேதி காலை 10 மணி முதல் 10.01 வரையிலான ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின. அதுவரை ஒரு நிமிடத்தில் பதிவான அதிகபட்ச எண்ணிக்கை இதுதான் என்று ரயில்வே அமைச்சகம் பெருமையுடன் அறிவித்தது.

அதே அறிவிப்பில் மற்றொரு தகவலும் இருந்தது. தத்கல் முன்பதிவு தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் இணையதளத்துக்குள் நுழைய நடக்கும் முயற்சிகளில் 50 சதவீதம் வரை மனிதர்களுடையவை அல்ல. தானியங்கி மென்பொருள்களுடையவை என்பதே அது. அதாவது, மகளின் திருமணத்துக்கோ, தந்தையின் இறுதிச் சடங்குக்கோ ஊர் செல்லத் துடிக்கும் ஒருவர் கைப்பேசியில் விரலை வைக்கும்போது, அவருக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் ஆள்களே அல்லர்.

இந்தக் கூட்டத்தை வெளியேற்ற ரயில்வே நிர்வாகம் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுகளைப் போட்டு வருகிறது. ஒவ்வொரு பூட்டும் மோசடிக்காரரைத் தடுக்கிறதா, சாதாரணப் பயணியையும் சேர்த்துத் தடுக்கிறதா என்பதே இப்போது எழும் கேள்வி.

நொடிகளை விற்கும் தொழில்

அவசரப் பயணிகளுக்காகத் தத்கல் திட்டம் 1997-இல் தொடங்கப்பட்டது. சாதாரணக் கட்டணத்துக்கு மேல் கூடுதல் தொகை செலுத்திக் கடைசி நேரத்தில் இடம் பெறலாம் என்பதே ஏற்பாடு. உறுதியான தத்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது. இத்தனை கடுமையான நிபந்தனைகள் இருந்தும் இடங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. 2025 மே இறுதியில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, குளிர்சாதன வகுப்புகளுக்கு இணையம் வழியாக நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 1.08 லட்சம் தத்கல் டிக்கெட்டுகள் பதிவாகின. அவற்றில் ஏறக்குறைய 67 ஆயிரம் முதல் 10 நிமிடங்களிலேயே பதிவானவை.

இந்த 10 நிமிடங்களில்தான் இடைத்தரகர்களின் வணிகம் நடக்கிறது. பயணியின் பெயர், வயது, ரயில் எண், பணம் செலுத்தும் விவரம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே மென்பொருளில் நிரப்பி வைத்துவிடுகிறார்கள். மணி பத்து அடித்ததும் படிவம் தானாக நிரம்புகிறது. பல போலிக் கணக்குகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்தறிவதற்காக வைக்கப்பட்ட 'கேப்ட்சா' எழுத்துகளையும் மென்பொருளே படித்துவிடுகிறது.

2020-இல் ரயில்வே பாதுகாப்புப் படை நாடு முழுவதும் நடத்திய நடவடிக்கையில் ஏஎன்எம்எஸ், எம்ஏசி, ஜாகுவார் போன்ற பெயர்களில் விற்கப்பட்ட மென்பொருள்கள் சிக்கின. சாதாரணமாக ஒரு டிக்கெட்டைப் பதிவு செய்ய 2.55 நிமிடம் ஆகும் நிலையில், இந்த மென்பொருள்கள் சுமார் 1.48 நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகின்றன என்று அப்படையின் தலைமை இயக்குநர் அப்போது தெரிவித்தார். ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் இந்த வித்தியாசம்தான் விற்பனைப் பொருள்.

வேலிக்குள்ளிருந்தே ஆபத்து வந்ததாகக் கூறப்பட்ட வழக்கும் உண்டு. தன்னிடமே பணியாற்றிய உதவி புரோகிராமர் ஒருவரை 2017 டிசம்பரில் சி.பி.ஐ. கைது செய்தது. அவர் முன்னர் ஐ.ஆர்.சி.டி.சி.யில் வேலை பார்த்தவர். அங்கே அறிந்த பலவீனங்களைப் பயன்படுத்தி மென்பொருள் உருவாக்கி முகவர்களுக்கு விற்றார், பணத்தைப் பிட்காயினாகவும் ஹவாலா வழியாகவும் பெற்றார் என்பது குற்றச்சாட்டு.

பூட்டின் மேல் பூட்டு

நிர்வாகம் கை கட்டி நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலை 8 மணிக்குத் தொடங்கிய தத்கல் முன்பதிவு 2012-இல் 10 மணிக்கு மாற்றப்பட்டது. 2015-இல் குளிர்சாதன வகுப்புகளுக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என நேரம் பிரிக்கப்பட்டது. தானியங்கி மென்பொருள்களை அடையாளம் காணும் தொழில்நுட்பம் நிறுவப்பட்டு, சந்தேகத்துக்குரிய 2.5 கோடி பயனாளர் கணக்குகள் முடக்கப்பட்டதாக 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூலை 1 முதல், ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட கணக்கு உள்ளவர்கள் மட்டுமே இணையதளத்திலும் செயலியிலும் தத்கல் டிக்கெட் எடுக்க முடியும் என்ற விதி வந்தது. ஜூலை 15 முதல் ஆதார் அடிப்படையிலான ஒருமுறைக் கடவுச்சொல்லும் கட்டாயமானது. அங்கீகாரம் பெற்ற முகவர்கள் முதல் 30 நிமிடங்களுக்குத் தத்கல் டிக்கெட் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவின் முதல் 15 நிமிடங்களுக்கும் ஆதார் விதி நீட்டிக்கப்பட்டது.

இவற்றின் தர்க்கம் எளிமையானது. மின்னஞ்சல் முகவரிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கலாம். மனிதர்களை உருவாக்க முடியாது. ஒரு கணக்குக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பது உறுதியானால் போலிக் கணக்குகளின் படை கலைந்துவிடும். ஆனால் உண்மையான ஆதார் வைத்திருப்பவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து இயக்குபவரை இந்தப் பூட்டு தடுக்காது. கேப்ட்சாவை உடைக்க வழி கண்டவர்கள், கடவுச்சொல்லை உரியவரிடமே கேட்டு வாங்கவும் வழி காண்பார்கள்.

சட்டத்தின் நீளம்

முறையான அனுமதியின்றி ரயில் டிக்கெட் வாங்கி விற்பதை வணிகமாக நடத்துவோருக்கு, 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 143-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது இந்தியாவில் இணைய டிக்கெட் என்ற ஒன்றே இல்லை. இதைக் காரணம் காட்டி, போலிக் கணக்குகளை உருவாக்கி இணைய டிக்கெட் விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் மீதான வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 9-ஆம் தேதி மாற்றியது. சட்டம் வந்தபோது இணையம் பரவவில்லை என்பதால் மட்டும் அப்பிரிவு பல்லில்லாததாகிவிடாது என்று நீதிபதிகள் தீபங்கர் தத்தா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு தெளிவுபடுத்தியது. எனவே சட்டத்தின் கை நீளமாகவே இருக்கிறது. அது எட்டுவது யாரை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மென்பொருளை எழுதியவர் வேறொரு ஊரில், வாடகைக் கணினிகளுக்குப் பின்னால் இருப்பார். சோதனையில் எளிதில் பிடிபடுபவர், சொந்தக் கணக்கிலிருந்து அக்கம்பக்கத்தாருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துச் சில்லறை வாங்கும் சிறு கடைக்காரர். இருவரையும் ஒரே தட்டில் வைத்துக் கைது எண்ணிக்கையை மட்டும் காட்டினால் தொழிலின் வேர் அறுபடாது.

விலை கொடுப்பவர் யார்?

முன்பதிவு டிக்கெட்டுகளில் 86 சதவீதத்துக்கு மேல் இன்று இணையம் வழியாகவே எடுக்கப்படுகின்றன. ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண் இல்லாதவருக்குக் கடவுச்சொல் வராது. தில்லியின் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் பிகார், கிழக்கு உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களில் அடிக்கடி கைப்பேசி எண்ணை மாற்றுவோர் உண்டு. சத் பண்டிகைக்கு ஊர் செல்ல இவர்களுக்கு மிஞ்சுவது முன்பதிவு மையத்தின் நீண்ட வரிசைதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அவசரமாகச் சென்னை திரும்ப வேண்டிய தில்லித் தமிழ் முதியவர்களில், பிள்ளைகள் உருவாக்கிக் கொடுத்த கணக்கை நம்பியிருப்பவர்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

அடையாளத்தைக் கேட்கும் அமைப்பு அந்த அடையாளத்தைப் பாதுகாக்கும் என்ற நம்பிக்கையையும் தர வேண்டும். பயணிகளின் தகவல்களைக் கொண்டு வருவாய் ஈட்டும் வழியை ஆராய ஆலோசகரைத் தேடி ஐ.ஆர்.சி.டி.சி. 2022-இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு கேள்வி எழுப்பிய பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது. பாதுகாப்புக்கென்று பெற்ற தகவல் வேறெதற்கும் பயன்படாது என்ற உறுதியை நிர்வாகம் வெளிப்படையாகத் தருவது அவசியம்.

தட்டுப்பாடே முதலீடு

இடைத்தரகரின் உண்மையான முதலீடு மென்பொருள் அன்று, இடத்தட்டுப்பாடு. காலியிடம் இருக்கும் ரயிலுக்கு எவரும் கள்ளச் சந்தையில் டிக்கெட் வாங்குவதில்லை. தேவை ஏற ஏறக் கட்டணமும் ஏறும் 'பிரீமியம் தத்கல்' முறையை 2014-இல் ரயில்வே தொடங்கியபோது, தரகர் எடுத்த கூடுதல் தொகையின் ஒரு பகுதி அரசின் கருவூலத்துக்குத் திரும்பியது. பயணிக்கு இடம் கூடவில்லை. விலை மட்டும் கூடியது.

எத்தனை கோடிக் கணக்குகள் முடக்கப்பட்டன என்பது நிர்வாகத்தின் உழைப்பைக் காட்டும் எண். பயணிகளுக்குத் தேவைப்படுவது வேறு எண்கள். ஆதார் விதி வந்த பின்னர் முதல் 10 நிமிடங்களில் விற்கும் டிக்கெட்டுகளின் பங்கு குறைந்ததா? கவுன்டரில் நின்றவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியதா? தவறாக முடக்கப்பட்ட கணக்குகள் எத்தனை, அவை எத்தனை நாளில் மீட்கப்பட்டன? இவற்றை வழித்தடவாரியாக, மாதந்தோறும் வெளியிடுவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இருக்க முடியாது. அந்தக் கணக்கை நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும். நெரிசல் மிகுந்த வழித்தடங்களில் கூடுதல் ரயில்களையும், படுக்கை வசதிப் பெட்டிகளையும் கேட்பதற்கும் அதுவே ஆதாரமாக அமையும்.