450 டாலர் துப்பாக்கியில் எதைக் குறைத்தார்கள், எதைக் குறைக்கவில்லை?

போன செமஸ்டர் எங்க டீம் செஞ்ச மினி புராஜெக்ட், குறைந்த விலை நிலக்கடலை உடைக்கும் இயந்திரம். டெமோ அன்னிக்கு ஓட விட்ட ரெண்டாவது நிமிஷம் பெல்ட் கழண்டு விழுந்தது. காரணம் சின்னது. செலவைக் குறைக்கணும்னு பேரிங்கைத் தாங்கும் பிளேட்டை 6 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆக்கியிருந்தோம். மிச்சமான காசில் பளபளன்னு பெயின்ட் அடித்திருந்தோம். சார் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "விலையைக் குறைக்கிறது தப்பில்லப்பா. எந்த இடத்துல குறைக்கலாம், எந்த இடத்துல கை வைக்கவே கூடாதுன்னு லிஸ்ட் போட்டீங்களா?"

அந்த லிஸ்ட்டை ஒழுங்காகப் போட்டவர்கள் யார் என்று தேடும்போது கிடைத்த உதாரணம் கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படும் ஒரு மலிவு விலை போல்ட்-ஆக்ஷன் ரைஃபிள். பெயர் ரூகர் அமெரிக்கன். 2012-ல் விற்பனைக்கு வந்தபோது நிறுவனம் குறித்த விலை 449 டாலர். அதே வேலையைச் செய்யும் பெயர்பெற்ற துப்பாக்கிகளுக்கு இதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை இருந்த காலம் அது.

"நமக்கு எதுக்குப்பா இது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்பது குற்றம். ஆனால் அமெரிக்காவில் அது லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து நடக்கும் ஒன்று. பென்சில்வேனியாவில் மான் சீசன் தொடங்கும்போது பல பள்ளிகளுக்கு லீவு விடும் வழக்கமே உண்டு. ரைஃபிள், தோட்டா விற்பனை மேல் 11 சதவீத வரி போட்டு, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கே தருகிறார்கள். வேட்டை சரியா தப்பா என்ற விவாதம் இந்தக் கட்டுரையில் இல்லை. ஒரு பொருளை மலிவாகச் செய்வது எப்படி என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில், போல்ட்-ஆக்ஷன் என்றால்?

பழைய வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியை முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே சாய்த்தால் பூட்டிக்கொள்ளும். போல்ட்-ஆக்ஷனும் அதேதான். போல்ட்டை முன்னால் தள்ளும்போது அது மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அறைக்குள் செலுத்தும். கைப்பிடியைக் கீழே திருப்பினால், போல்ட்டின் முனையில் உள்ள 'லக்' எனும் பற்கள் ரிசீவரின் உள்ளே உள்ள காடிகளில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் இதைக் கையாலேயே செய்ய வேண்டும்.

அந்தப் பற்கள் தாங்கும் சுமை எவ்வளவு? .308 வின்செஸ்டர் தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு 62,000 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 427 மெகா பாஸ்கல். தோட்டாக் கூட்டின் உள் விட்டம் தோராயமாக 10 மி.மீ. என்று வைத்தால் பரப்பு 78 சதுர மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 33 கிலோ நியூட்டன் வரும். கிட்டத்தட்ட மூன்றரை டன் எடை. இதெல்லாம் சுடுபவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நடக்கிறது. ஆக, கை வைக்கவே கூடாத முதல் இடம் எதுவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாதகங்கள்: புத்தியைச் செலவழித்த இடங்கள்

*பேரல்.* குழலுக்குள் திருகு வரிகள் வெட்டுவது பழைய முறையில் நேரம் பிடிக்கும் வேலை. இவர்கள் செய்வது கோல்ட் ஹேமர் ஃபோர்ஜிங். வரிகளின் எதிர் அச்சு கொண்ட ஒரு கடினமான மாண்ட்ரலைக் குழாய்க்குள் வைத்து, வெளியே நாலா பக்கமும் சுத்தியல்கள் அடிக்கும். உலோகம் அழுந்தி அச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த மெஷின் யானை விலை. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் ஒவ்வொரு பேரலுக்கும் ஆகும் செலவு குறைவு. எண்ணிக்கை கூடக் கூட லாபம். நம்ம எகனாமிக்ஸ் பேப்பரில் வரும் நிலையான செலவு, மாறும் செலவு கணக்கு நிஜத்தில் இப்படித்தான் இருக்கும்.

*பேரல் நட்.* தோட்டா அறைக்குள் சரியாக உட்கார, போல்ட் முகத்துக்கும் அறைக்கும் இடையிலான தூரம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். பழைய முறையில் அனுபவமுள்ள ஒரு ஃபிட்டர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவார். அதற்குப் பதிலாக, உள்ளே ஒரு கேஜை வைத்து, அது தட்டும் வரை பேரலைத் திருகி, ஒரு லாக் நட்டால் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. சாவேஜ் நிறுவனம் 1958-ல் கொண்டுவந்த 110 மாடலில் பிரபலமாக்கிய வழி இது. துல்லியம் அதேதான், கைவேலை மட்டும் போச்சு.

*பெட்டிங்.* பிளாஸ்டிக் ஸ்டாக்கின் மேல் இரும்பு ரிசீவர் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். விலை கூடிய துப்பாக்கிகளில் இதற்காக எபாக்ஸி ஊற்றிக் கையால் படிய வைப்பார்கள். இதில் ஸ்டாக்கை வார்க்கும்போதே இரண்டு வி-வடிவ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டுகளை உள்ளே பதித்துவிட்டார்கள். ஸ்க்ரூவை இறுக்க இறுக்க ரிசீவர் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். மெட்ராலஜி லேபில் வி-பிளாக் மேல் ஷாஃப்டை வைத்தால் தானே மையத்துக்கு வருமே, அந்தத் தத்துவம்தான்.

*டிரிக்கர்.* விசையை 3 முதல் 5 பவுண்டு வரை உபயோகிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். டிரிக்கரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை விரல் அழுத்தினால்தான் டிரிக்கர் நகரும். இதுவும் மலிவு துப்பாக்கியில் குறைக்கக் கூடாத இடம், குறைக்கவும் இல்லை.

இதற்கெல்லாம் பலன் என்ன? 100 கஜத்தில் சுமார் ஒன்று, ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் விழும் அளவு துல்லியம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குலம். 200 கஜத்தில் அந்த ஒன்றரை அங்குலம் மூன்று அங்குலம் ஆகும். அப்போதும் இடம் தாராளமாக மிச்சம் இருக்கிறது. இதைவிடத் துல்லியமான துப்பாக்கிக்கு இன்னும் ஆயிரம் டாலர் கொடுத்தாலும், காட்டில் நடுங்கும் கை அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

பாதகங்கள்: காசு மிச்சம் பிடித்தது தெரியும் இடங்கள்

*ஸ்டாக்.* லேசான பிளாஸ்டிக். முன்பகுதியைக் கையால் அழுத்தினாலே வளையும். பேரல் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பது டிசைன். ஆனால் வாரைக் கையில் சுற்றி இறுக்கினாலோ, மரக்கிளையில் அழுத்தி வைத்தாலோ, ஸ்டாக் வளைந்து பேரலைத் தொட்டுவிடலாம். தொட்டால் பேரலின் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். பட்டறையில் ஒரு இடம், காட்டில் வேறு இடம்.

*எடை.* சுமார் 2.8 கிலோ. மலை ஏறும்போது வரம். சுடும்போது? உந்தம் அழியாது, இல்லையா? பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் நிறைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஸ்கோப்போடு 3.3 கிலோ உள்ள துப்பாக்கி, 4.2 கிலோ உள்ளதைவிட அதே தோட்டாவுக்குக் கிட்டத்தட்ட 27 சதவீதம் அதிக ஆற்றலுடன் தோளில் இடிக்கும். புதிதாகப் பழகுபவர் அந்த இடிக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிவிடுவார். துல்லியம் எல்லாம் அங்கேயே போச்சு.

*போல்ட்.* 1898-ல் வந்த மவுசரில் முன்பக்கம் இரண்டு பற்கள், கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். இதில் மூன்று பற்கள், 70 டிகிரி போதும். மேலே ஸ்கோப் இருந்தாலும் கை இடிக்காது. ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. கைப்பிடியைத் தூக்கும்போதுதான் உள்ளே ஸ்பிரிங் அழுந்துகிறது. அதே வேலையைக் குறைந்த கோணத்தில் முடிக்க வேண்டுமென்றால் திருப்புவிசை கூடியே தீரும். அதோடு உள்பரப்பை மெருகேற்றும் செலவையும் மிச்சப்படுத்தியிருப்பதால், புதிதில் போல்ட் கரகரவென்றுதான் நகரும்.

*மேகசின்.* பிளாஸ்டிக். வேலை செய்கிறது. ஆனால் கல்லில் விழுந்து உதடு உடைந்தாலோ, காட்டில் தொலைந்தாலோ அன்றைய நாள் வீண்.

*சேஃப்டி.* முதல் தலைமுறையில் சேஃப்டி போட்டிருந்தாலும் போல்ட்டைத் திறக்கலாம். சேஃப்டியை எடுக்காமலே தோட்டாவை வெளியே எடுக்க முடியும் என்பது நல்லது. ஆனால் புதருக்குள் நடக்கும்போது கிளை பட்டுப் போல்ட் தானே மேலே ஏறிவிட்டால் முக்கியமான நேரத்தில் துப்பாக்கி சுடாது. பின்னால் வந்த இரண்டாம் தலைமுறையில் போல்ட்டையும் பூட்டும் மூன்று நிலை சேஃப்டி வைத்தார்கள். விலையும் கூடியது.

அப்போ தராசு எந்தப் பக்கம் சாயுது?

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதகப் பட்டியலில் இருப்பவை பேரல், பூட்டும் பற்கள், டிரிக்கர், பெட்டிங். இவை தவறினால் ஆள் உயிருக்கோ, குறியின் நேர்மைக்கோ ஆபத்து. பாதகப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் வசதிக்குறைவுகள். பிறகு சரிசெய்யக் கூடியவை. ஸ்டாக்கை மாற்றலாம், தோள்பட்டைக்கு நல்ல ரப்பர் பேட் போடலாம், போல்ட் பழகப் பழக வழுவழுப்பாகும், மேகசின் ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கலாம். மோசமான பேரலை மட்டும் பழக்கத்தால் சரி செய்ய முடியாது.

கையில் 800 டாலர் மட்டும் வைத்திருக்கும் ஒரு குடும்பஸ்தர், குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்க முதல்முறை வேட்டைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் துப்பாக்கியில் போட்டால், ஸ்கோப்புக்கும் பயிற்சிக்கும் காசு இருக்காது. 450-ஐத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நல்ல ஸ்கோப்புக்கும், சீசனுக்கு முன்பே பயிற்சிக்களத்தில் சுட்டுப் பழகத் தேவையான தோட்டாவுக்கும் கொடுத்தால், அவர் குறி தப்பாமல் இருக்க அதிக வாய்ப்பு. இங்கே குறி தப்புவது வெறும் மதிப்பெண் போகிற விஷயம் இல்லை. தவறான இடத்தில் அடிபட்ட மான் உடனே சாகாது. ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி, எங்கோ புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டைக்காரர்களே வெட்கப்படும் விஷயம் அது. மிச்சமான காசு எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

யாருக்கு இது வேண்டாம்? வாரை இறுக்கிப் பிடித்துத் தொலைதூரம் சுடுபவர்களுக்கு அந்த ஸ்டாக் தொல்லை. உடம்பு லேசானவர்கள் பெரிய தோட்டாவில் இதை வாங்கினால் தோள் தாங்காது. அவர்கள் .243 மாதிரி இடி குறைந்த தோட்டாவில் எடுப்பது நல்லது. பேரன் வரைக்கும் போக வேண்டிய, வால்நட் மரத்தில் செய்த அழகான சொத்து வேண்டும் என்பவர்களுக்கும் இது இல்லை.

கடைசியா...

சார் கேட்ட லிஸ்ட்டை நாங்க இப்போ போட்டுட்டோம். இடது பக்கம்: உடைஞ்சா ஆளுக்கு அடிபடும், இல்ல வேலையே நின்னு போகும். வலது பக்கம்: உடைஞ்சா எரிச்சல் வரும், அவ்வளவுதான். காசு குறைக்கிறது வலது பக்கத்துல மட்டும்.

பேரிங் பிளேட் மறுபடி 6 மி.மீ. ஆயிடுச்சு. மேலே ஒரு காவலும் போட்டாச்சு, ஏன்னா அந்த பெல்ட் கழண்டப்ப பக்கத்துல நின்ன நண்பனோட கை ஒரு அடி தள்ளித்தான் இருந்தது. பெயின்ட்? ரெட் ஆக்சைடு மட்டும்தான். பார்க்க நல்லா இல்ல. ஆனா போன வாரம் ஒரு மூட்டை கடலை முழுக்க உடைச்சு முடிச்சோம், பெல்ட் அசையவே இல்ல.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை