டேங்க் இல்லாத கீசருக்கு மாறலாமா?

பழைய கீசர் ஒழுகத் தொடங்கியதும் வீட்டில் பேச்சு எழும்: மறுபடியும் டேங்க் உள்ளதையே வாங்குவதா, இன்ஸ்டன்ட் கீசருக்கு மாறுவதா? பெரும்பாலும் விலையையும் கரண்ட் பில்லையும் பார்த்து முடிவெடுக்கிறோம். குளியலறைச் சாதனத்தில் உயிருக்கான பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேஸ் கீசர்: குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம்

டேங்க் இல்லாத கீசர்களில் ஒன்று கரண்டில் ஓடும். மற்றொன்று சமையல் கேஸில் எரியும். கேஸ் கீசர் நிமிடத்துக்கு சுமார் 6 லிட்டர் வெந்நீர் தருவதால் பெரிய குடும்பங்கள் விரும்புகின்றன. ஆனால் அது எரிவதற்கு அறையில் உள்ள ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் கதவைத் தாழிட்டு, வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளையும் மூடிவிட்டுக் குளிக்கிறோம். அடைபட்ட அறையில் ஆக்சிஜன் குறையும்போது கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்துடன் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். தாழ்ப்பாளை எட்டும் முன்பே ஆள் சரிந்துவிடலாம். இப்படி நம் நாட்டில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

யாராவது மயங்கி விழுந்தால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரைக் காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்தறியாது. ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பதாகவே காட்டும். அதை நம்பித் தாமதிக்காதீர்கள். வீட்டில் கேஸ் கீசர் இருந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கரண்ட் கீசர்: ஊருக்கு ஊர் கணக்கு வேறு

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இன்ஸ்டன்ட் கீசர் 3 கிலோவாட் திறனுள்ளது. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் நீரை அது சுமார் 14 டிகிரிதான் சூடாக்கும். சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருந்தால் 42 டிகிரியாகிவிடும். குளிக்க அது போதும். ஊட்டிக் குளிரில் 12 டிகிரியில் வரும் தண்ணீர் 26 டிகிரியைத்தான் தொடும். அங்கே டேங்க் உள்ள ஸ்டோரேஜ் கீசரே நல்லது. ஒருவர் பின் ஒருவராகப் பக்கெட் பக்கெட்டாகக் குளிக்கும் வீட்டுக்கும் அதுவே வசதி.

எர்த் சரியா?

3 கிலோவாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக்கும் அதற்கேற்ற தடிமனான வயரும் தேவை. எர்த் சரியாக இருக்கிறதா என எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு, சூடேற்றும் காயிலில் படிந்து அதைக் கெடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யுங்கள்.

சூட்டில் கவனம்

60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலை ஆழமாக வேக வைத்துவிடும். இன்ஸ்டன்ட் கீசரில் குழாயைக் குறைவாகத் திறந்தால் சூடு சட்டென்று ஏறும். குழந்தைகள், முதியவர்கள், கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் பக்கெட்டில் விளாவி, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஸ்டோரேஜ் கீசரிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகலாம். ஷவரின் நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரக்கூடும். டேங்க்கில் 60 டிகிரி வைத்து, குளிக்கும்போது விளாவிக்கொள்வதே சரி.

எதை வாங்குவது?

வெப்பமான ஊர், சிறு குடும்பம், சரியான வயரிங்: இவை இருந்தால் கரண்டில் ஓடும் இன்ஸ்டன்ட் கீசருக்குத் தாராளமாக மாறலாம். கேஸ் கீசர்தான் வேண்டுமென்றால், குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரைக் குழாய் வழியாக உள்ளே கொண்டு வாருங்கள். ஏற்கெனவே குளியலறைக்குள் இருந்தால் அதை இனி பற்ற வைக்காதீர்கள். முதல் வேலையாக பிளம்பரை அழைத்து வெளியே மாற்றிவிடுங்கள்.