மயானக் கொள்ளை மண்ணுருவம்: அழிவில் நிறைவுறும் கலை

சேலம், நாமக்கல் சமவெளி முதல் மேல்மலையனூர் வரை, மாசி மகாசிவராத்திரியை அடுத்த அமாவாசையில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நிகழ்த்தப்படுகிறது. பல ஊர்களில் சுடுகாட்டு மண்ணால், மல்லாந்து கிடக்கும் பேருருவம் ஒன்று தரையிலேயே அமைக்கப்படும். மஞ்சளும் குங்குமமும் சாத்திப் படையலிட்டபின், அருளேறிய பூசாரி அதனைச் சிதைப்பார். சூழ்ந்திருப்போர் மண்ணையும் படையலையும் அள்ளிச் செல்வர். அம்மண் வீட்டிற்குக் காப்பு, வயலுக்கு வளம்.

தற்காலிகப் பெருங்கலைக்கு மேலைநாட்டுச் சான்றாக, கிறிஸ்டோவும் ழான்-கிளோடும் 1995இல் பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடத்தைத் துணியால் போர்த்திய படைப்பைச் சுட்டலாம். 14 நாள்களில் அது அகற்றப்பட்டது. எனினும் செலவுக்காக விற்கப்பட்ட அதன் வரைவோவியங்கள் எஞ்சின. மண்ணுருவத்தில் எஞ்சுவது பொருளன்று. ஆண்டுதோறும் அதனை மீண்டும் வனையும் கைப்பழக்கமே.

ஈவ்லின் மேயரின் 1986ஆம் ஆண்டு நூல் இவ்வழிபாட்டின் கதைகளையும் சடங்குகளையும் விரிவாக ஆராய்ந்தது. அவற்றோடு வனைவோரின் கைத்திறனும் ஆய்வுப்பொருளாதல் வேண்டும். உருவத்தை மட்டும் நிழற்படமாக்குதல் போதாது. மண் எடுப்பது முதல் அது பகிரப்படுவது வரை முழுச் செயல்முறையும் ஆவணமாக வேண்டும். கொள்ளை போகாமல் காட்சியகத்தில் காக்கப்படும் மண்ணுருவம் முற்றுப்பெறாத படைப்பேயாகும்.