தோலாவுக்குப் பணிந்த கெய்சர்

ஆப்பிரிக்காவில் ஜெர்மனி வெளியிட்ட 'ரூபாய்', நம் வெள்ளி ரூபாயின் இரட்டைப் பிறவி. அதை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமல் போவது அதன் விலை மட்டுமல்ல.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்கு நாகலாபுரம் என்றால் வேதநாராயணர் கோவில்தான். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் பழைய காசு என்று பேச்செடுத்தால் முதலில் ராயர் காலத்து வராகன் நினைவுக்கு வரும். அடுத்தது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய்.

அப்படி ஒரு முடிச்சில் ஒரே ஒரு காசு மட்டும் வேறாக இருந்தால்? ராணி இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கு மீசையோடு ஒருவர். தலைக்கவசத்தின் மேல் சிறகு விரித்த கழுகு. பின்பக்கம் பனைமரமும் ஒரு சிங்கமும். எடை, அகலம், வெள்ளியின் தரம் எல்லாம் ராணி ரூபாயைப் போலவே. எழுத்துகள் மட்டும் இங்கிலீஷ் இல்லை. ஆனால் 'ரூபீ' என்ற சொல்லை எவரும் படித்துவிடலாம்.

மீசைக்காரர் ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம். காசை வெளியிட்டது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி. புழங்கிய இடம் இன்றைய தான்சானியா. ஜெர்மனிக்கு மார்க் என்ற சொந்த நாணயம் இருந்தபோது ஆப்பிரிக்காவில் எதற்கு ரூபாய்?

காரணம் நம்மவர்கள். ஜெர்மானியர்கள் போய்ச் சேருவதற்கு வெகுகாலம் முன்பே சான்ஸிபார் தீவிலும் எதிர்க்கரையிலும் கட்ச், பம்பாய்ப் பக்கத்து வியாபாரிகள் கடை விரித்திருந்தார்கள். தந்தம், கிராம்பு, துணி எல்லாவற்றுக்கும் பேரம் இந்திய ரூபாயில். மார்க்கைக் கொண்டுபோய் நீட்டினால் சந்தையில் சீந்துவார் இல்லை. எனவே 1890-ல் கம்பெனி தன் காசை அடித்தபோது இந்திய ரூபாயை அளவு மாறாமல் பின்பற்றியது: 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது சரியாக ஒரு தோலா. மருந்துக் கடையிலும் சமையல் குறிப்பிலும் நம் முன்னோர் சொன்ன 'ரூபாய் எடை' இதுதான். பெர்லினில் இருந்த சக்கரவர்த்தியும் அதற்குப் பணிய வேண்டியிருந்தது.

சில்லறையிலும் இதே கதை. ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்பது அன்றைய இந்தியக் கணக்கு. கம்பெனியின் செப்புக் காசுக்கும் பெயர் 'பெசா'. 64 பெசா ஒரு ரூபாய். ஒரு பக்கம் ஜெர்மன் கழுகு, மறுபக்கம் அரபி எழுத்தில் கம்பெனியின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும். 1904-ல் நாணயப் பொறுப்பை ஜெர்மன் அரசே எடுத்துக்கொண்டது. பெசாவை ஒழித்து, நூறு ஹெல்லர் ஒரு ரூபாய் என்று மாற்றியது. இந்தியா நூறு பைசா கணக்குக்கு வந்தது 1957-ல்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 'ரூபாய்' என்ற பெயரை மட்டும் அவர்கள் தொடவில்லை. 15 ரூபாய்க்கு 20 மார்க் என்று விகிதம் வைத்தார்கள். இந்தியாவில் 15 ரூபாய்க்கு ஒரு பவுன். 20 மார்க் தங்கக்காசும் ஏறக்குறைய ஒரு பவுன்தான்.

பிறகு வந்தது முதல் உலகப் போர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது எல்லோருக்கும் தெரியும். 'எம்டன்' தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த இன்னொரு விஷயம் அவ்வளவாக நினைவில் இல்லை. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் எட்டாயிரம் பேர் கொண்ட படை போனது. அதில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் உண்டு. எதிரே லெட்டோ-ஃபோர்பெக் என்ற தளபதியிடம் இருந்தது சுமார் ஆயிரம் பேர். பிரிட்டிஷ் தரப்புக்குப் படுதோல்வி. ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இரண்டு பக்கமும் சிப்பாய்க்குச் சம்பளம் ரூபாயில்தான் என்பது வேடிக்கை.

கடல் முற்றுகையால் ஜெர்மனியிலிருந்து காசு வருவது நின்றது. கையில் வெள்ளி வைத்திருந்தவர்கள் பதுக்கினார்கள். சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலையும் சரக்கு பிறந்தது இந்த நெருக்கடியில்தான். போருக்கு முந்தைய நோட்டுகள் லைப்ஸிக் நகரில் நேர்த்தியாக அச்சானவை. 1905 தேதியிட்ட ஐந்து ரூபாய் நோட்டில் சிங்கங்கள், பத்தில் தார் எஸ் ஸலாம் துறைமுகம், பெரிய நோட்டுகளில் கெய்சர். போர்க்கால நோட்டுகளோ உள்ளூரில் கிடைத்த காகிதத்தில், கிடைத்த மையில் அடித்தவை. 1917-ல் படை காட்டுக்குள் பின்வாங்கியபோது ரப்பர் அச்சுகளைக் கொண்டு முத்திரை குத்துவது போல அடித்தார்கள். 'புதர் நோட்டு' என்றே அதற்குப் பெயர். பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் விளையாட்டுக்குச் செய்ததைப் போல இருக்கும். குப்பை என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் துண்டுக் காகிதங்களுக்கு ஐரோப்பிய ஏலங்களில் ஆள் இருக்கிறது.

காசும் உள்ளூரிலேயே தயாரானது. தபோரா நகரத்து ரயில்வே பட்டறையில் 1916-ல் பித்தளையிலும் செம்பிலும் 5, 20 ஹெல்லர் காசுகள் அடித்தார்கள். கூடவே, செகென்கே சுரங்கத் தங்கத்தில் 15 ரூபாய்க் காசு: முன்னே துதிக்கை உயர்த்திய யானை, பின்னே மலை. இதற்கு அச்சு வெட்டியவர் இலங்கையைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர் என்று நாணய நூல்கள் சொல்கின்றன. மொத்தம் பதினாறாயிரம் சொச்சம் காசுகள்தான் வெளிவந்தன. அதே செப்டம்பரில் பெல்ஜியப் படை தபோராவைப் பிடித்துவிட்டது.

சரி, விலை என்ன? விலையைத் தீர்மானிப்பது வயது மட்டுமல்ல. எத்தனை மிச்சம், எந்த நிலையில், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே கணக்கு. புழங்கித் தேய்ந்த ஒரு ரூபாய்க் காசு சில ஆயிரம் போகும். பெசா அதைவிட மிகக் குறைவு. இரண்டு ரூபாய்க் காசு 1893, 1894 என்ற இரண்டே ஆண்டுகள் வெளிவந்தது. அது கிடைத்தால் அதிர்ஷ்டம். தபோரா யானைக்குத்தான் லட்சங்களில் மதிப்பு. அதிலும் இரண்டு ரகம். யானையின் மறுபக்கம் கழுகைச் சுற்றிய வேலைப்பாட்டின் கொடி எந்த எழுத்துக்குக் கீழே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஜெர்மன் சேகரிப்பாளர்களின் வேதம் கர்ட் யேகர் தொகுத்த பட்டியல். அதில் யானைக்கு எண் 728. ஜெர்மனி வைத்திருந்த நியூ கினியின் சொர்க்கப் பறவைக் காசும், சீனக் கடற்கரையின் கியாவ்சாவ் காசும் இதே பட்டியலில் இடம்பெறுகின்றன. சேகரிப்பாளர்களிடம் அவற்றுக்கும் கிராக்கி அதிகம்.

பட்டியலைப் புரட்டுகிறவர்கள் ஒரு சொல்லில் தடுக்கி விழுவதுண்டு. காசின் நிலையைக் குறிக்க 'ஷோன்' என்று போட்டிருக்கும். அகராதியில் 'அழகானது' என்று பொருள். நாணயத் தரத்தில் அது கீழ்ப்படி, நன்றாகத் தேய்ந்த காசு. அதற்கு மேல் 'மிக அழகானது', பிறகு 'சிறப்பானது', உச்சியில் அச்சிலிருந்து விழுந்த பளபளப்பு மாறாதது. ஒவ்வொரு படிக்கும் விலை மடங்குகளில் ஏறும்.

அந்தப் படிகளை நாமே சறுக்கிவிடுவது வீட்டில்தான். காசைக் கண்டதும் புளி, விபூதி, பல்பொடி. பளிச்சென்று ஆனதும் நூறு வருஷத்து மெருகு போய்விடும். கூடவே பாதி விலை போனாலும் ஆச்சரியமில்லை. மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்த காசை வாங்கக் கடுமையான சேகரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். நோட்டை மடித்து வைப்பதும், கிழிசலை செல்லோ டேப்பால் ஒட்டுவதும் அதே ரகப் பாவம்.

போலியைக் கண்டுபிடிக்க முதல் சோதனைக்கு நிபுணர் தேவையில்லை. நகைக் கடைத் தராசின் ஒரு தட்டில் நல்ல விக்டோரியா ரூபாய், மறு தட்டில் கெய்சர் ரூபாய். தேய்மானம் போக இரண்டும் சமமாக நிற்க வேண்டும். காந்தம் ஒட்டக் கூடாது. விளிம்பின் வரிகள் ஒழுங்காக இருக்க வேண்டும். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது அச்சில் அடித்ததல்ல, வார்த்தது. யானைக் காசுக்கு முலாம் பூசிய நகல்கள் ஏராளம். உண்மையானதன் எடை 7.168 கிராம், முக்கால் பங்கு தங்கம்.

இத்தனையும் தெரியாதவர் போய் நிற்பது அடகுக் கடையிலோ, கைபேசியில் வந்த விளம்பரத்திலோ. அடகுக் கடையில் அது வெறும் வெள்ளி. ஒரு தோலா விலை போட்டு உருக்கிவிடுவார்கள். விளம்பரக்காரர் செய்வது இதற்கு நேர் எதிர். உங்கள் காசுக்குப் பல லட்சம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள், பிறகு வரி, பிறகு கமிஷன். இந்த மோசடியில் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடப் பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் வங்கியே அறிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை. விற்பவரிடம் முன்பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்ல என்பதைக் கவனித்தாலே போதும். முறையான ஏல நிறுவனங்கள் விற்ற பிறகுதான் தங்கள் கமிஷனைக் கழித்துக்கொள்கின்றன.

நல்ல விலை ஜெர்மனியில் கிடைக்கும் என்று தபால் உறையில் போட்டு அனுப்பவும் முடியாது. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தபோரா காசுகளுக்கும் 2016-ல் நூறு நிறைந்துவிட்டது. அரசின் அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் குற்றம். வீடு கட்டத் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்த காசு என்றால் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் வந்து நிற்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் எழுதிய காலத்தில் பத்து ரூபாய் என்பது பத்துத் தோலா எடையுள்ள வெள்ளிக் காசுகள்.