நிறத்துக்கு முன் குருணை

உடைத்த கண்ணாடியைப் பரப்பிச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கும் கலைக்குள் நுழைகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது குருணையின் அளவை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-இல் தொடங்கப்பட்ட புல்ஸ்ஐ நிறுவனம், ஃபிரிட் எனப்படும் இந்தக் குருணையைச் சலித்து நான்கு தரங்களாகத் தருகிறது. 0.2 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் பொடி, 1.2 வரை சன்னம், 2.7 வரை நடுத்தரம், 5.2 வரை பெருங்குருணை. ஒரே நீலக் கண்ணாடியை இந்த நான்கு அளவிலும் உடைத்தால் நான்கு நீலங்கள் தெரியும். உருகிய பிறகும் அந்த வேறுபாடு முழுதாக மறைவதில்லை.

காரணம், காற்று. கண்ணாடி போன்ற கற்கண்டை இடித்தால் வெள்ளைப் பொடியாகிறது. ஒவ்வொரு துகளின் முகமும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். 4 மில்லிமீட்டர் குருணையை 0.2 மில்லிமீட்டராகப் பொடித்தால் அதே எடைக்கு மேற்பரப்பு 20 மடங்காகிறது. துகள்களுக்கு நடுவே காற்று தங்கும் சிறு இடைவெளிகளும் மிகப் பெருகுகின்றன. ஒளி ஊடுருவும் நிறங்கள் பொடியில் வெளிறிப் பால்போல் மங்குவதும், பெருங்குருணையில் தெளிந்து ஆழமாகத் தெரிவதும் இதனால்தான். ஒளிபுகா நிறங்களுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே நிழல் தீட்டவும் மெல்லிய கோடு இழுக்கவும் பொடியைத் தாராளமாக எடுக்கலாம்.

முழுதாக உருகினால் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். அப்படி ஆவதில்லை. முழு உருக்கம் நடக்கும் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸிலும் கண்ணாடி தேனைவிடக் கெட்டியானது. இடைவெளிகளில் சிக்கிய காற்றின் நுண்குமிழிகள் மேலேறி வெளியேற வழியில்லை. சூட்டையும் நேரத்தையும் கூட்டினால் மேற்பரப்பு படிகமாகி மங்கக்கூடும், சில நிறங்களும் மாறிவிடும். மங்கல் எப்போதுமே குறைதான் என்பதும் சரியல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுச் சிற்பி ஆன்றி கிரோ மீட்டெடுத்த, கண்ணாடிப் பொடியை அச்சில் இட்டுச் சுடும் முறையின் அழகே அந்த மென்மையான மங்கலில் இருக்கிறது. அதை வேண்டித் தேர்வதும், தெளிவை எதிர்பார்த்து ஏமாறுவதும் ஒன்றல்ல. எந்த நிறத்தையும் அதிகமாக வாங்கும் முன், நான்கு அளவிலும் சிறு மாதிரிச் சில்லுகளைச் சுட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடியைத் தூவும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். நுரையீரலுக்குள் போன கண்ணாடித் தூசியை எளிதில் வெளியேற்ற முடியாது.